துபாயில் கேட்கும் நியாயம் தாம்பரத்திலும் வேண்டும்: வெள்ளத்தின் செலவை யார் சுமப்பது என்பது குறித்த எங்கள் நிலைப்பாடு

வடகிழக்குப் பருவமழை ஓங்கி அடிக்கும் ஆண்டுகளில், முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் பள்ளிக்கரணையிலும் தண்ணீர் வடிவதற்கு முன்பே ஒரு வழக்கு மூண்டுவிடுகிறது. உலகம் சூடாகிவிட்டது, மழையின் போக்கே மாறிவிட்டது, இதற்கு உள்ளூர் அதிகாரி என்ன செய்வார் என்பது ஒரு தரப்பு. ஏரியை மனை போட்டு விற்றுவிட்டுப் பழியை வானத்தின் மேல் போடாதீர்கள் என்பது மறுதரப்பு. தொலைக்காட்சியிலும் சட்டமன்றத்திலும் தேநீர்க் கடையிலும் நடக்கும் இந்த வழக்கில் இரு தரப்பிலும் உண்மை உண்டு. ஆனால் வழக்கு எப்படி முடிந்தாலும் வீட்டை இழப்பவரும் கடன் வாங்குபவரும் மாறுவதில்லை. காரணம் கரியமில வாயு என்று முடிவானால் யாரையும் கேட்க முடியாது. காரணம் ஆக்கிரமிப்பு என்று முடிவானால் ஆற்றோரக் குடிசைதான் முதலில் இடிபடும். பருவநிலைப் பேச்சுகளில் இந்தியா உலக நாடுகளிடம் எந்த நியாயத்தைக் கேட்கிறதோ, அதே நியாயம் தென்சென்னைப் புறநகருக்குள்ளும் நடைமுறைக்கு வரவேண்டும் என்பதே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

முதலில் 2015 வெள்ளம். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பருவநிலை மாற்றத்தின் முகம் இதுதான் என்று அன்று பலரும் எழுதினார்கள். ஆனால் அந்த மழையை ஆராய்ந்து 2016-இல் கட்டுரை வெளியிட்ட பன்னாட்டு அறிவியலாளர் குழு, புவி வெப்பமாதலின் தடயத்தை அதில் உறுதியாகக் காணமுடியவில்லை என்று சொன்னது. காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் வெப்பமாதலின் விளைவை மறைத்திருக்கக்கூடும் என்ற விளக்கத்தையும் அவர்கள் முன்வைத்தார்கள். இந்த முடிவை நாங்கள் ஏற்கிறோம். நம் வாதத்துக்கு இடைஞ்சல் என்று சிலர் இதைப் பேசாமல் விடுவது சரியல்ல. மழைக்குக் காரணம் எதுவாயினும், அது வெள்ளமானதற்கு வேறு காரணங்கள் இருந்தன. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே குறிப்பிட்டது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிடப்பட்ட விதத்தையும் நீர்நிலைகள் காக்கப்படாததையும் அது கணக்குப்போட்டுக் காட்டியது. இதனால் பருவநிலை மாற்றம் நம் கவலையே இல்லை என்று ஆகிவிடாது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். அந்த ஈரம் எங்காவது கொட்டித்தான் தீரும். ஒரு மழைக்குத் தடயம் கிடைக்கவில்லை என்பது இனி வரும் மழைகளுக்குக் கிடைத்த நற்சான்று அல்ல.

இந்த ஊரின் நிலம் எப்படிச் சாய்கிறது என்று தெரிந்தால் செலவு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் தெரியும். ஜிஎஸ்டி சாலைக்கு மேற்கே பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர், முடிச்சூர்ப் பகுதிகளின் உபரிநீர் அடையாற்றுக்குப் போகிறது. கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லப்பாக்கம், செம்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி கலங்கல் வழியாக இறங்கி, பள்ளிக்கரணைச் சதுப்பில் தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைத் தொட்டுக் கடலுக்குப் போகிறது. போகவேண்டும், அதுதான் ஏற்பாடு. சில பத்தாண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்திருந்த அந்தச் சதுப்பு, 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது எஞ்சி அறிவிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். மற்றது எங்கே போனது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. பெருங்குடியில் மாநகராட்சியே குப்பையைக் கொட்டியது. அரசு நிறுவனங்களும் ரயில் பாதையும் சாலைகளும் வந்தன. பழைய மகாபலிபுரம் சாலை ஐடி நெடுஞ்சாலை ஆனது; அதன் இருபுறமும் அனுமதி பெற்ற அடுக்குமாடிகள் எழுந்தன. குடிசை போட்டு ஒரு சதுப்பை இந்த அளவுக்குச் சுருக்க யாராலும் முடியாது. அதற்கு வரைபடமும் அரசாணையும் வங்கிக் கடனும் வேண்டும்.

இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும், ஏனென்றால் அநியாயம் இங்கேதான் முழு உருவம் எடுக்கிறது. நகருக்குள் அடையாறு, கூவம் கரைகளில் இருந்தவர்கள், ‘வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்ற’ என்ற பெயரில் அகற்றப்பட்டார்கள். அவர்களுக்கு மாற்று வீடுகள் தரப்பட்ட இடங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். மூன்றும் பள்ளிக்கரணைச் சதுப்பின் வடிநிலத்தைச் சார்ந்த தாழ்ந்த பகுதிகள். பெரும்பாக்கத்தில் மட்டும் கட்டப்பட்ட வீடுகள் 20,000-க்கும் மேல். பெருமழை பெய்தால் செம்மஞ்சேரியில் தண்ணீர் சூழ்கிறது, பெரும்பாக்கத்தில் தரைத்தளத்துக்குள் வருகிறது. ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி ஏரி வெள்ளத்தில் குடியமர்த்தியதை மறுவாழ்வு என்று எழுத எங்களுக்குக் கை வரவில்லை. நகரில் வீட்டு வேலைக்கும் பூக்கடைக்கும் சித்தாள் வேலைக்கும் நடந்து போனவர்கள் இப்போது இரண்டு பேருந்து மாறுகிறார்கள். வேலையே போனவர்களும் உண்டு. இது பழைய கதையும் இல்லை. 2025 மே மாதம் எங்கள் தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள்ளேயே, அனகாபுத்தூரில், அடையாற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டன. வரி ரசீதும் மின் இணைப்பும் வைத்திருந்தவர்கள் அதில் உண்டு. ஆற்றோரத்தில் நிற்கும் பெரிய அடுக்குமாடிகளையும் இதே அளவுகோலால் அளந்தீர்களா என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நில அளவை வரைபடத்தை விரித்து வைத்து ஒரு பதில் வரவேண்டியிருந்தது. பொக்லைன்தான் வந்தது.

1992-இல் ரியோவில் கையெழுத்தான ஐ.நா. பருவநிலை உடன்படிக்கையில் ஒரு கோட்பாடு உண்டு: பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அளவு எல்லோருக்கும் ஒன்றல்ல. இந்தியா முப்பது ஆண்டுகளாக இதைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறது, சரியாகவே வாதாடுகிறது. தொழிற்புரட்சிக்குப் பிறகு மனிதர் வெளியேற்றிய கரியமில வாயுவில் சுமார் கால்பங்கு அமெரிக்காவினுடையது. உலக மக்களில் ஆறில் ஒருவர் வாழும் இந்தியாவின் பங்கு 4 சதவீதத்துக்கும் குறைவு. இந்த வாதத்தின் பயனாக, இழப்புக்கும் சேதத்துக்குமான நிதியம் 2022-இல் எகிப்தில் ஒப்புக்கொள்ளப்பட்டு, 2023 நவம்பர் 30 அன்று துபாய் பருவநிலை மாநாட்டின் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா அன்று தருவதாகச் சொன்ன தொகை 1.75 கோடி டாலர், நம் பணத்தில் ஏறத்தாழ 145 கோடி ரூபாய். நான்கு நாள் கழித்து மிக்ஜாம் புயல் மழை வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் முடிச்சூரையும் மூழ்கடித்தது. தமிழ்நாடு கேட்ட இடைக்கால நிவாரணம் 5,060 கோடி ரூபாய். ஒன்றிய அரசு உடனே விடுவித்தது, மாநிலப் பேரிடர் நிதியில் தன் பங்கின் இரண்டாம் தவணையான 450 கோடி. கூடவே சென்னைப் படுகைக்கு 561 கோடி ரூபாயில் வெள்ளத்தடுப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. இந்தியா பணக்கார நாடுகளிடம் கேட்பதும் தமிழ்நாடு டெல்லியிடம் கேட்பதும் ஒரே கேள்விதான்: இழப்பு இவ்வளவு, உங்கள் பங்கு எங்கே? கேள்வி சென்னைக் கோட்டை வரை தடையில்லாமல் வந்துவிடுகிறது. செம்மஞ்சேரிக்காரர் அதே கேள்வியைக் கோட்டையைப் பார்த்துக் கேட்டால் மட்டும் அது அரசியலாகிவிடுகிறது.

எங்களுக்குச் சொல்லப்படும் மறுப்புகளில் கனமானது இது: ஆறு அகலப்படாமல் வெள்ளம் வடியாது, கரையில் இருப்பவர் நகரத்தான் வேண்டும், நீங்கள் ஏழைகளின் பெயரால் ஊரையே மூழ்கவைக்கிறீர்கள். ஆறு அகலப்பட வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2015-க்குப் பிறகு முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் நடந்த மூடுகால்வாய், கரைப் பணிகளை நாங்கள் வரவேற்றோம். இன்னும் வேண்டும் என்றே கேட்கிறோம். கேள்வி வரிசையைப் பற்றியது. இரு கரைகளையும், ஏரியின் கலங்கல் முதல் மடுவு வரை, வருவாய்த் துறை ஒரே அளவையில் அளந்து, நீரின் வழியில் எது எவ்வளவு நிற்கிறது என்று வெளியிடட்டும். அதில் அரசுக் கட்டடம் இருந்தால் அதுவும் பட்டியலில் வரட்டும். அதன் பிறகு அதிக நீரைத் தடுப்பது எதுவோ அதிலிருந்து தொடங்கட்டும். 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் கூரையின் தரம் பார்த்து எழுதப்பட்டதாக எங்களுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது மறுப்பு எங்களுக்கு உள்ளேயே எழுவது. எங்கள் உறுப்பினர்களில் கணிசமானவர்கள், வாழ்நாள் சேமிப்பைப் போட்டு, முறையாகக் கிரயம் செய்து, பழைய ஏரிப் பாசன நிலத்தில் வீடு கட்டியவர்கள். அவர்களும் குற்றவாளிகளா? 2025-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சதுப்பின் ராம்சர் எல்லைக்கும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும் உள்ளே புதிய கட்டட அனுமதி தரவேண்டாம் என்று சொன்னபோது முதலில் பதறியது இந்தச் சிறு மனைக்காரர்கள்தான். அவர்களுடைய பதற்றம் நியாயமானது; அனுமதி தந்தது ஓர் அரசு அலுவலகம், பத்திரம் பதிந்தது இன்னோர் அரசு அலுவலகம். ஆனால் இதிலிருந்து, ‘ஆகவே கட்டுப்பாடே வேண்டாம்’ என்ற முடிவுக்குப் போவதை நாங்கள் ஏற்கவில்லை. இன்று கட்டப்படும் ஒவ்வொரு உயர்த்திய மனையும் நேற்றுக் கட்டிய வீட்டுக்குள் தண்ணீரைத் தள்ளுகிறது. பாதிக்கப்படுவது பெரும்பாலும் எங்கள் உறுப்பினர்களே. வேறுபட்ட பொறுப்பு என்பதன் பொருள் இங்கே இப்படித்தான் விரியும்: நிலத்தின் தன்மை தெரிந்தே அனுமதி கொடுத்தவரும் அதில் லாபம் பார்த்தவரும் ஒரு படி; தெரியாமல் வாங்கிக் குடியேறி இன்று சொத்து மதிப்பேனும் மிஞ்சியிருப்பவர் அடுத்த படி; ஆற்றோரத்திலிருந்து அள்ளிக் கொண்டுவரப்பட்டவர் கடைசிப் படி. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளைக் கட்டணம் வாங்கி வரன்முறைப்படுத்த 2017-இல் அரசால் வழி கண்டுபிடிக்க முடிந்தது. பணம் கட்டியவரின் சிக்கலுக்குத் தீர்வு விதியில் கிடைத்தது. பணம் இல்லாதவரின் சிக்கலுக்கு லாரி வந்தது. வெள்ளத்தடுப்புக்கான செலவை இனி எல்லோர் வரியிலும் சமமாக ஏற்றாமல், வடிநிலத்தில் பெரும் பரப்பை எழுப்பும் திட்டங்களின் மேம்பாட்டுக் கட்டணத்தில் ஏற்றவேண்டும் என்று கேட்கிறோம். இதனால் வீட்டு விலை ஏறும் என்கிறார்கள். ஏறட்டும், இதுவரை அந்த விலை மலிவாக இருந்ததே, மிச்சத்தை வேறொருவர் தண்ணீரில் நின்று கட்டிக்கொண்டிருந்ததால்தான்.

இன்னொரு மறுப்பு தேசத்தின் பெயரால் வருகிறது. உள்ளூர்த் தவறுகளை நாமே இப்படி அடுக்கினால், பணக்கார நாடுகள் அதைக் காட்டி நழுவிவிடும் என்பது. அவை நழுவ நம் உதவி தேவைப்படவில்லை: இழப்பு, சேத நிதியத்தின் ஆட்சிக்குழுவிலிருந்து அமெரிக்கா 2025 மார்ச்சில் தானாகவே விலகிவிட்டது. மாறாக, இழப்பீடு கேட்பவர் இழப்பின் கணக்கைத் தெளிவாக வைத்திருக்கவேண்டும். எவ்வளவு இழப்பு கூடுதல் மழையால், எவ்வளவு இழப்பு அடைபட்ட மடுவால் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த அரசின் கோரிக்கைக்குத்தான் எடை இருக்கும். நாளை வெளியிலிருந்து பணம் வந்தாலும், அது பெரும்பாக்கத்தின் மாடிப்படி வரை போய்ச்சேரும் என்பதற்கு இன்றைய முறையில் எந்த உத்தரவாதமும் இல்லை.

நிவாரணத்தைப் பற்றி ஒன்று. மிக்ஜாமுக்குப் பிறகு மாநில அரசு குடும்பத்துக்கு 6,000 ரூபாயை ரேஷன் கடை வழியே ரொக்கமாகக் கொடுத்தது. வேகமாகக் கொடுத்தது, பாராட்டுகிறோம். ஆனால் தாம்பரம், பல்லாவரம் பக்கம் வாடகைக்கு இருப்பவர்களில் பலருக்கு ரேஷன் அட்டை விழுப்புரத்திலோ திருநெல்வேலியிலோ இருக்கிறது. கட்டடத் தொழிலுக்கு வந்த பீகார், ஒடிசாத் தொழிலாளிக்கு இங்கே அட்டையே இல்லை. அட்டை இல்லாதவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று அரசு வழி திறந்தது உண்மை. ஈரச் சுவருக்குள் உட்கார்ந்து அத்தாட்சி தேடவேண்டியவர் யார் என்பதும் உண்மை. மாடியில் குடியிருப்பவருக்கும் தரைத்தளத்தில் எல்லாம் இழந்தவருக்கும் ஒரே தொகை என்பதும் சமத்துவம்போலத் தோன்றும் பாகுபாடுதான். தண்ணீர் எத்தனை அடி, எத்தனை நாள் நின்றது என்பதை வைத்தே தொகை முடிவாகவேண்டும். வாடகை ஒப்பந்தமோ மின் ரசீதோ வேலை கொடுத்தவரின் கடிதமோ போதுமான சான்றாக வேண்டும்.

ஆகவே, அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் தாம்பரம் மாநகராட்சியிடமும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்ட நிர்வாகங்களிடமும் நாங்கள் எழுத்தில் கேட்பவை இவை. இரு வடிநிலங்களின் அளவை வரைபடம், தமிழில், சர்வே எண்ணோடு, வார்டு அலுவலகங்களிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் ஒட்டப்படவேண்டும். அந்த அளவை முடியும்வரை ஆற்றோரத்தில் ஒரு குடியிருப்பையும் இடிக்கக்கூடாது. சதுப்பின் வடிநிலத்தில் இனி ஒரு மறுகுடியமர்வு வீடும் கட்டக்கூடாது. இருக்கும் வீடுகளுக்கு வெள்ளத்தடுப்புச் செலவில் முதல் பங்கு. அனகாபுத்தூரிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் நகருக்கு அருகிலேயே இடம் கேட்பவர்களுக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் வீடு. அடையாற்றின் மேற்குப் பகுதி இரண்டு மாவட்டங்களுக்கும் ஒரு மாநகராட்சிக்கும் பல ஊராட்சிகளுக்கும் இடையே பிரிந்து கிடப்பதால், இந்தக் கடிதத்தை ஒரே நாளில் எல்லா அலுவலகங்களிலும் கொடுத்து ஒப்புகை பெறுகிறோம். ‘எங்கள் எல்லையில் வராது’ என்ற பதிலை இம்முறை ஏற்பதாக இல்லை.