துடைப்பம் பேதம் பார்ப்பதில்லை

ஜெர்மானியக் கிராமங்களில் குடியேறிய நம்மவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். “இவர்களிடம் எல்லாவற்றுக்கும் சட்டம் இருக்கிறது, ஈரம்தான் இல்லை!” என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இந்த அபிப்பிராயத்தில் பாதிகூட உண்மை இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் இருக்கிறது, யார் இல்லை என்றார்கள்? குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள், வீட்டுக்காரர் தரும் சான்றோடு போய் ஊர் அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். குடியிருப்புப் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை புல்வெட்டும் யந்திரத்தைத் தொடக் கூடாது. மற்ற நாட்களிலும் இரவு 8 மணி முதல் காலை 7 மணி வரை அது உறங்க வேண்டும். 1919-ல் வைமார் அரசியல் சட்டம் ஞாயிறு ஓய்வுக்குத் தந்த பாதுகாப்பை 1949-ல் வந்த அரசியல் சட்டமும் அப்படியே ஏற்றுக்கொண்டது. நான் வசிக்கும் ஸ்வாபியப் பகுதியில் இவற்றோடு ‘கேர்வோக்கே’ என்று ஒன்று உண்டு: முறை வைத்துப் பெருக்கும் வாரம். யாருடைய முறையோ அவர் வீட்டுக் கதவில் ஓர் அட்டை தொங்கும். நாங்கள் குடிபோன அன்று கீழ்வீட்டு அம்மாள் இந்நாட்டு வழக்கப்படி ரொட்டியும் உப்பும் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த வாரம் அதே அம்மாள் அட்டையைக் கொண்டுவந்து மாட்டினார்.

ரொட்டியில் இருந்த ஈரம் அட்டையில் இல்லையென்று ஏன் நினைக்க வேண்டும்? இந்த ஊரிலேயே பிறந்தவருக்கும் நேற்று வந்த எனக்கும் ஒரே படிக்கட்டு, ஒரே துடைப்பம். எழுதிவைத்த விதி அந்நியனுக்கு விரோதி அல்ல. அவனுக்குக் கிடைக்கிற முதல் நண்பன் அதுதான். என்ன செய்தால் குற்றம், என்ன செய்தால் குற்றமில்லை என்று அது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.

“ஒருவரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை” என்று குறைப்படுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இங்கே, புதிதாக வந்தவர்தான் முதலில் போய் அண்டை வீட்டு மணியை அடித்துத் தம்மை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். நாம் அவர்களுக்காகக் காத்திருக்கிறோம். அவர்கள் நமக்காகக் காத்திருக்கிறார்கள். நடுவில் பழி சுமப்பது பாவம், ஈரம்!

கிராமத்தில் தீப்பிடித்தால் ஓடி வருகிறவர்கள் யார்? தச்சரும் உழவரும் பள்ளி ஆசிரியருமாகச் சேர்ந்த தொண்டர் படை. நாடு முழுவதிலும் ஏறக்குறைய 10 லட்சம் பேர் இந்தப் படைகளில் இருக்கிறார்கள். நள்ளிரவில் படுக்கையை உதறிவிட்டு யாரோ ஒருவருடைய கூரையைக் காப்பாற்ற ஓடுவது ஈரமில்லாதவர் செய்கிற காரியமா?

நகரத்திலிருந்து அமைதி தேடி வருகிற சில ஜெர்மானியரோ நம்மையும் மிஞ்சுகிறார்கள். பவேரியாவில் ஒரு தம்பதி, பக்கத்து மேய்ச்சல் நிலத்து மாடுகளின் கழுத்துமணி ஓசையால் தூக்கம் போகிறதென்று நீதிமன்றம் ஏறினார்கள். 2017-ல் கணவரின் வழக்கு தள்ளுபடியாயிற்று. 2019-ல் அவருடைய மேல்முறையீடும் தோற்றது. கிராமம் வேண்டும், ஆனால் மாடு கூடாது! இது என்ன ஆசை?

இருக்கட்டும். கிராமத்தாரிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. என் சண்டை எழுதிய விதியோடு அல்ல, எழுதாத விதியோடு. வெளியிலிருந்து வந்தவனை ஸ்வாபியர்கள் ‘ரைக்‌ஷ்மெக்டர்’ என்கிறார்கள். ‘உள்ளே வந்து ருசி பார்த்தவன்’ என்பதுபோலப் பொருள் தரும் சொல். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். ஆனால் முப்பது வருஷம் அதே படிக்கட்டைப் பெருக்கியவனையும் அப்படியே சொல்வதென்றால், அது வேடிக்கை அல்ல, வேலி.

அந்த வேலியைக் கட்ட இவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கேட்கிறேன். உலக யுத்தம் முடிந்த காலத்தில் சிலேசியா, கிழக்குப் பிரஷ்யா, சூடட்டன் பகுதி முதலிய இடங்களிலிருந்து ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் ஜெர்மானியர் ஓடிவந்தார்கள், அல்லது விரட்டப்பட்டார்கள். 1950-க்குள் மேற்கு ஜெர்மனியில் மட்டும் ஏறக்குறைய 80 லட்சம் பேர். நகரங்கள் குண்டுவீச்சில் இடிந்து கிடந்ததால் அவர்களில் மிகப் பலரைக் கிராமங்களுக்குத்தான் அனுப்பினார்கள். குடியானவர் வீடுகளில் அறைகளை அதிகாரிகள் கட்டாயமாக வாங்கிக் கொடுத்தார்கள். புராட்டஸ்டண்டு ஊரில் கத்தோலிக்கரும் கத்தோலிக்க ஊரில் புராட்டஸ்டண்டுகளும் வந்து இறங்கினார்கள். ஒரே பாஷை பேசியும் அவர்களை அந்நியர் என்றே முகம் சுளித்தார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தாம் அநேக ஊர்களில் ‘பழைய குடிகள்’!

ஆகவே, இரு சாராருக்கும் சொல்கிறேன். வந்தவரே, துடைப்பத்தைக் கையில் எடுங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஊராரே, எங்கள் கையில் துடைப்பத்தைக் கொடுத்தீர்கள், சந்தோஷம். வாசலைப் பெருக்குவதில் சரிசமம் என்றால், ஊர் என்று சொல்லிக்கொள்வதிலும் சரிசமம்தான். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறுப்பது ஒழுங்கு ஆகாது. ஒழுங்கையே உயிராக மதிக்கிற உங்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.