அலை இல்லாத இடம்

தேசாருவில் காரை விட்டு இறங்கியதும் முதலில் என் கண்ணில் பட்டது சிவப்புக் கொடி. பார்க்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பார்த்தேன். மணலில் ஏற்கெனவே இருபது முப்பது பேர் இருந்தார்கள், இரண்டு குடும்பங்கள் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. கொடி யாருக்கோ கட்டியது என்று நினைத்துக்கொண்டு பைகளை இறக்கினேன்.

டிசம்பர் கடைசி வாரம். தெப்ராவிலிருந்து இரண்டு கார்களில் ஒன்பது பேர். அத்தை விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து புளிச்சோறு கிளறி, நெத்திலிச் சம்பலைத் தனி டப்பாவில் அடைத்து எடுத்து வந்திருந்தார். செனாய் – தேசாரு நெடுஞ்சாலையில் ஜொகூர் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது பிள்ளைகள் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். அத்தைக்கு வயது 72. பால்மரம் வெட்டியே நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். கடற்கரையில் ஒரு நாள் முழுக்க இருக்கப்போவது அவருக்கு அதுதான் முதல் தடவை.

தெப்ராவ்காரர்களான எங்களுக்குக் கடல் தெரியும் என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். ஊர்ப் பெயரிலேயே ஒரு நீரிணை இருக்கிறது. ஸ்தூலாங்கில் காற்று வாங்கியிருக்கிறோம், டாங்கா பே போயிருக்கிறோம். ஆனால் தெப்ராவ் நீரிணை இரண்டு கரைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் தண்ணீர். 1924இல் திறந்த பாலக்கரை அதைக் குறுக்கே அடைத்தும்விட்டது. அங்கே பெரிய அலை ஏது? தேசாருவில் எதிரே இருப்பது தென்சீனக் கடல். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலிருந்து அலைகளைத் தள்ளிக்கொண்டு வந்து இந்தக் கரையில் போடுகிறது. நம் பிள்ளைகளின் ஆண்டிறுதி விடுமுறை சரியாக அந்த மாதங்களில்தான் விழுகிறது. சில ஆண்டுகள் தள்ளிப்போயிருந்த பள்ளித் தவணை 2026இல் மறுபடி ஜனவரிக்கே வந்துவிட்டதால், டிசம்பரில் கடலுக்குப் போகும் குடும்பங்கள் இனிக் கூடத்தான் செய்யும்.

அலை பெரிதாக இருப்பதைப் பார்த்து நானே ஓர் இடம் தேர்ந்தெடுத்தேன். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பாதைபோல் தண்ணீர் கருத்து, அமைதியாக இருந்தது. "இங்கே அலையே இல்ல, பிள்ளைங்க இங்கேயே குளிக்கட்டும்" என்று சொன்னவள் நான்தான்.

என் தங்கை மகனுக்குப் பதினொரு வயது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தான். நான் சோறு பிரித்து வைக்கக் குனிந்து நிமிர்ந்தபோது அவன் தலை எங்கேயோ தூரத்தில் தெரிந்தது. "பெரியம்மா" என்று அவன் கூப்பிட்டது ஒரே தடவைதான் காதில் விழுந்தது. அதன்பின் அவன் கத்தவில்லை. கரையைப் பார்த்துக் கையை அடித்துக்கொண்டே இருந்தான், ஆனால் பின்னால் போய்க்கொண்டிருந்தான்.

என் கணவர் சட்டையோடு ஓடினார். இளநீர் விற்றுக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரர், அறுபது வயதிருக்கும், என் கணவர் கையை இறுகப் பிடித்து நிறுத்தினார். "ஆருஸ் குவாட்", நீரோட்டம் பலம் என்றார். எங்கள் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போத்தல்களைக் கொட்டினார். மூடியை அழுத்திச் சாத்தி, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பையனை எட்டியதும் பெட்டியை அவன் கையில் கொடுத்தார். கரையை நோக்கி வரவே இல்லை. கரைக்கு இணையாக, பக்கவாட்டில் போனார். நாங்கள் மணலில் அழுதுகொண்டே அவர்களுக்கு நேராக ஓடினோம். அலை உடையும் இடம் வந்ததும் அந்த அலையே இருவரையும் கரைக்குத் தள்ளிவிட்டது. பாயிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் தள்ளி ஏறினார்கள்.

பையன் வாந்தி எடுத்து முடிக்கும்வரை அந்த இளநீர்க்காரப் பாச்சிக் உட்கார்ந்திருந்தார். பிறகு மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். எங்கே மணல் பள்ளமாக இருக்கிறதோ அந்த வழியாக ஒன்றுசேர்ந்து, ஆறுபோல் கடலுக்குள் ஓடும். அந்தப் பள்ளத்தில் அலை உடையாது. அதனால்தான் கரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு அதுதான் நல்ல இடமாகத் தெரிகிறது. 'ரிப் கரண்ட்' என்று இதைச் சொல்கிறார்கள். ஆளைக் கீழே இழுக்காது, வெளியே இழுக்கும். வேகம் நொடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. தேர்ந்த நீச்சல் வீரரே எதிர்த்து நீந்தித் தோற்றுப்போவார். பதறாமல் மல்லாந்து மிதக்க வேண்டும், கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும், முடிந்தால் பக்கவாட்டில் நகர வேண்டும். கரையில் இருப்பவர் வெறுங்கையோடு குதிக்கக் கூடாது. காப்பாற்றப் போன அப்பாவும் மாமாவும் சேர்ந்து மூழ்கிய செய்திகளை நாளிதழ்களில் எத்தனை முறை படித்திருக்கிறோம்.

வீடு திரும்பும்போது அத்தை பேசவே இல்லை. தெப்ராவ் வந்ததும் ஒரே வார்த்தை சொன்னார்: "இனி கடலே வேணாம்." அத்தை சொல்லை நான் தட்டியதில்லை, இதில் மட்டும் தட்டுகிறேன். தோட்டத்தில் 'ஆத்துப் பக்கம் போகாதே' என்று சொல்லி வளர்த்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பினாங்கிலும் கெடாவிலும் நாகப்பட்டினத்திலும் உயிர்கள் போனபின், கடலும் அதே பட்டியலில் சேர்ந்தது. நானும் அந்தப் பயத்தோடுதான் வளர்ந்தேன். அந்தப் பயம் எனக்கு அந்தக் கருத்த பாதையைக் காட்டிக்கொடுக்கவில்லையே.

அதே 2004இல், அதே நாளில், புக்கெட்டின் மைக்காவ் கடற்கரைக்குக் குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்திருந்தாள் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி. கடல் வழக்கத்துக்கு மாறாக நுரைத்துப் பொங்குவதைப் பார்த்ததும், இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் ஆசிரியர் சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்தது. சுனாமி வருகிறது என்று பெற்றோரிடம் அடம்பிடித்துச் சொன்னாள். சுமார் நூறு பேர் கரையைவிட்டு வெளியேறிப் பிழைத்தார்கள். ஒரே ஒரு பாடவேளை அது.

நம் நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே நம் பிள்ளைகள் எத்தனை பேருக்குச் சிவப்புக் கொடி என்ன சொல்கிறது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? பாலக்கரைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 2010 முதல் 'சுவிம்சேஃபர்' திட்டத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் நீச்சலோடு தண்ணீரில் தப்பிக்கவும் பழகுகிறார்கள். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. டியூஷனுக்கு மாதம் தவறாமல் கட்டும் நாம், மிதப்பதற்கு நான்கு வகுப்பு கட்டினால் என்ன? பெண்பிள்ளைக்கு உடை சரிவராது என்ற பேச்சும் வேண்டாம். கை கால் முழுக்க மூடும் நீச்சலுடை தெப்ராவ் கடைகளிலேயே தொங்குகிறது. மலாய்ப் பெண்கள் எவ்வளவு காலமாக அதைப் போட்டுக்கொண்டு நீந்துகிறார்கள்.

என் மகளுக்குப் பதினான்கு வயது. தங்கை மகனும் அவளும் இப்போது சனிக்கிழமைதோறும் குளத்துக்குப் போகிறார்கள். முதல் மூன்று வாரம் அவன் படியை விட்டு இறங்கவில்லை. நான்காவது வாரம் அத்தையும் எங்களோடு வந்தார். குளத்தோரம் நாற்காலி போட்டு, மடியில் இரண்டு துண்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பையன் மல்லாந்து மிதந்தபோது அவர் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பதுவரை வந்தது.