பாக்கி தீர்ந்த பிறகு மானியம்

மாண்புமிகு தமிழ்நாடு செய்தித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

குறைந்த செலவில் எடுக்கப்படும் தரமான தமிழ்ப் படங்களுக்கு அரசு தரும் 7 லட்சம் ரூபாய் மானியம் பற்றி ஒரு கோரிக்கை வைக்கவே இந்த மடல். அந்தப் பணம் தயாரிப்பாளர் கைக்குப் போகும் முன், படத்தில் நடித்த குணச்சித்திர நடிகர்களின் சம்பளப் பாக்கி தீர்ந்துவிட்டதா என்று உங்கள் துறை கேட்க வேண்டும்.

அத்தகைய நடிகர்களில் ஒருவரான டெல்லி கணேஷை நினைத்துப் பாருங்கள். 1964 முதல் 1974 வரை விமானப் படையில் இருந்தவர். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபா மேடையில் நடித்துப் பழகி, கே. பாலசந்தரின் ‘பட்டினப் பிரவேசம்’ வழியாகச் சினிமாவுக்கு வந்தார். 400 படங்களுக்கு மேல் நடித்தார். தொலைக்காட்சித் தொடர்கள், இளைஞர்களின் குறும்படங்கள், பிற நடிகர்களுக்குப் பின்னணிக் குரல் என்று எதையும் சிறிதென்று ஒதுக்கவில்லை. 2024 நவம்பரில் 80 வயதில் மறைந்தார்.

‘சிந்து பைரவி’ மிருதங்கக்காரரையும் ‘மைக்கேல் மதன காமராஜன்’ சமையல்காரரையும் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 1979இல் துரை இயக்கிய ‘பசி’. சென்னைக் குடிசைவாசிகளின் வாழ்க்கையைச் சொன்ன சிறிய படம். ரிக்‌ஷாக்காரர் முனியாண்டியாக அவர் வருகிறார். ஓர் ஏழைத் தகப்பன். மகளாக நடித்த ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. கணேஷுக்கு நம் மாநில அரசு சிறப்புப் பரிசு தந்தது. தேசிய விருதுப் பட்டியலில் துணைப் பாத்திரத்துக்கென்று ஓர் இடமே அப்போது கிடையாது. 1984ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதன்முதலாக அது வந்தது. டெல்லி செய்யாததை நாம் அன்றே செய்தோம். அந்தப் பெருமையோடுதான் கேட்கிறேன்.

சின்னத்திரையிலும் டப்பிங்கிலும் பல ஆண்டுகள் உழைத்த எம்.எஸ். பாஸ்கர், ‘பார்க்கிங்’ என்ற சிறு படத்துக்காக அண்மையில் தேசிய விருது பெற்றார். ஊரே மகிழ்ந்தது. ஆனால் விருது ஒருவருக்கு. மற்றவர்களுக்குச் சம்பளம்தான் எல்லாம்.

சிறு படத்தின் படப்பிடிப்பில் இயக்குநர் புதியவர், நாயகன் புதியவர், பணம் போட்டவரும் பெரும்பாலும் புதியவர். அப்பாவாகவோ ஏட்டாகவோ வரும் குணச்சித்திர நடிகர்தான் அங்கே தொழில் தெரிந்தவர். ஒரே டேக்கில் முடித்துக் கொடுத்து ஃபிலிமையும் நேரத்தையும் மிச்சப்படுத்தியது கணேஷின் தலைமுறை. இன்றும் எதிரே நிற்கும் புதுமுகத்துக்கு வசனம் சொல்லிக் கொடுப்பது குணச்சித்திர நடிகர்தான். அவருக்குக் கிடைப்பதோ ஒரு சிறு முன்பணம், நாளுக்கு இவ்வளவு என்ற பேச்சு, “மீதியை டப்பிங்கில் பார்த்துக்கலாம் சார்” என்ற வாக்கு. எழுத்தில் எதுவும் இருக்காது. டப்பிங் பேசும் நாள்தான் பாக்கியைக் கேட்டு வாங்க அவருக்குள்ள கடைசிப் பிடி. வேறொருவரை வைத்துக் குரல் பதிந்துவிட்டால் அதுவும் போயிற்று. படம் வெளிவராமல் பெட்டிக்குள் தூங்கினால் கேட்கவும் ஆளில்லை.

தொடர்களில் நிலைமை வேறு மாதிரி. நாள் கணக்கில் சம்பளம் உண்டு. ஆனால் கதை திசை திரும்பினால் முன்னறிவிப்பு இல்லாமல் பாத்திரத்தின் படத்துக்கு மாலை விழும். அதோடு மாத வருமானம் நிற்கும். அதை ஒரு மடலில் தீர்க்க முடியாது, இன்று நான் கேட்பதும் அதுவல்ல.

கேட்பது எளிது. மானிய விண்ணப்பத்தில் ஒரு பக்கம் சேருங்கள். வசனம் பேசி நடித்த ஒவ்வொருவரின் பெயர், பேசிய தொகை, கொடுத்த தொகை, அவர் கையொப்பம். கையொப்பம் இல்லாத இடத்தில் துறையே அந்த நடிகரைக் கேட்கட்டும். பாக்கி இருந்தால் மானியத்திலிருந்து அதை நேராக அவர் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, மீதியைத் தயாரிப்பாளருக்குத் தரலாம். நேர்மையான தயாரிப்பாளருக்கு இதனால் ஒரு ரூபாய் நட்டமில்லை. அப்படிப்பட்டவர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

தாமதம் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 2009ஆம் ஆண்டுப் படங்களுக்கான மாநில விருதுகள் 2022இல்தான் மேடையில் வழங்கப்பட்டன. அறுபது வயதில் அப்பா வேடம் போடுகிறவரால் பதின்மூன்று ஆண்டுகள் காத்திருக்க இயலாது. அடுத்த விண்ணப்பப் படிவம் அச்சாகும் முன் ஆணை பிறப்பிக்க வேண்டுகிறேன்.

மரியாதையுடன்,
திரைப்படங்கள் குறித்து எழுதிவரும் ஒருவன்