நாய்க்குக் கஞ்சா மருந்தாகுமா?

தலைப்பைப் பார்த்துச் சிலர் சிரிப்பீர்கள். சிலர், "ஏய், இதையெல்லாமா சுவர்ப் பத்திரிகையில எழுதுறது?" என்பீர்கள். எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பாட்டியின் நாய்க்கு வலிப்பு வந்தபோது, "கொஞ்சூண்டு கஞ்சாவைப் பால்ல கலக்கி ஊத்து, அடங்கிரும். அந்தக் காலத்துல மாட்டுக்கே குடுத்திருக்காக" என்று ஒரு பெரியவர் சொன்னார். நின்ற நாலு பேரும் தலையாட்டினார்கள்.

மாட்டுக்குக் கொடுத்தது உண்மைதான். 1893-94ல் வெள்ளைக்கார அரசாங்கம் கஞ்சாவைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் போட்டது. கால்நடை வைத்தியத்தில் அது பயன்பட்டதை அந்த அறிக்கையே சொல்கிறது. அதற்கும் முன்னால், 1839ல், கல்கத்தாவில் ஓஷாகனசி என்ற டாக்டர் நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஒரு நாய்க்கு நேபாளத்துச் சரஸ் கொடுத்தார். அரை மணி நேரத்தில் அது தூங்கி வழிந்தது. திடீரென்று விழித்து வாலை ஆட்டியது, சாப்பாட்டை ஆவலாகத் தின்றது, கூப்பிட்டால் தள்ளாடித் தள்ளாடி வந்தது. ஆறு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் யோசித்தேன், அந்த நாய்க்கு என்ன நோய்? ஒரு நோயும் இல்லை!

அதே டாக்டர் இன்னொன்றும் கண்டுபிடித்தார். நாய், பூனை, பன்றி, காக்கை இவற்றுக்கெல்லாம் போதை ஏறியது. குதிரை, ஆடு, மாடு போன்ற புல் தின்னும் பிராணிகளுக்கு அவ்வளவாக ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் மாட்டுக்குக் கொடுத்தார்கள், அதனால் நாய்க்கும் கொடுக்கலாம் என்கிற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

இப்போதைய விஞ்ஞானம் இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. கஞ்சாச் செடியில் முக்கியமாக இரண்டு பொருட்கள் உண்டு. டி.எச்.சி. என்பது போதை தருவது. சி.பி.டி. என்பது போதை தராதது. நாயின் சிறுமூளையில் டி.எச்.சி. போய் ஒட்டும் இடங்கள் மனிதரைவிட அதிகம். அதனால் நாய் நிற்க முடியாமல் தள்ளாடும், சிறுநீர் தானாக ஒழுகும், இதயத் துடிப்பு குறையலாம். சி.பி.டி. கதை வேறு. 2018ல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மூட்டுவலி உள்ள நாய்களுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை கொடுத்தார்கள். வலி குறைந்தது. 2019ல் கொலராடோவில் வலிப்பு உள்ள நாய்களுக்கு வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். வலிப்பு ஓரளவு குறைந்தது. ஆனால் ஈரலைக் காட்டும் ஒரு ரத்தப் பரிசோதனை அளவு ஏறியது. இரண்டிலும் நாய்கள் கொஞ்சம்தான். ஆக, மருந்தே இல்லை என்று சொல்ல முடியாது. மருந்து என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அமெரிக்காவிலேயே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பிராணிகளுக்கென்று கஞ்சா மருந்து எதற்கும் அனுமதி கொடுக்கவில்லை.

நம் நாட்டிலும் சில கம்பெனிகள் நாய்க்கென்று எண்ணெய் விற்கின்றன. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்பது பூவும் காயும் உள்ள நுனிதான். தனி இலை அதில் வராது. அந்த வழியில்தான் இலையிலிருந்து மருந்து செய்கிறார்கள். பொட்டலத்தில் விற்பது அது இல்லை. பொட்டலத்தில் டி.எச்.சி. எவ்வளவு என்று விற்கிறவனுக்கே தெரியாது. வாங்கினால் ஜெயில், கொடுத்தால் நாய்க்கு ஆபத்து. அலங்காநல்லூரில் காளையை வாடிவாசலுக்கு விடும் முன் டாக்டர் சோதித்துப் பார்க்கிறார். போதை ஏற்றிய காளை வரக்கூடாது என்பதும் அதில் உண்டு. காளைக்கு உள்ள மரியாதை நாய்க்கு இல்லையா?

ஆனாலும் அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கஞ்சா எட்டும் தூரத்தில் இருக்கிறது, டாக்டர் இல்லை. எங்கள் பக்கத்து மருந்தகத்துக்குப் போனால் பாதி நாள் டாக்டர் சினை ஊசி போட வேறு ஊருக்குப் போயிருப்பார். மாடு என்றால் ஆள் அனுப்புவார்கள். நாய்க்கு யாரு ஆட்டோ வாடகை குடுப்பா? பாட்டி கோழி விற்ற காசில் தல்லாகுளம் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பீனோபார்பிடால் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மனிதர் வலிப்புக்கும் அதுதானாம். வலிப்பு நிற்கவில்லை, ஆனால் வாரம் வந்தது இப்போது எப்போதாவதுதான்.

என் கருத்து இதுதான். பெயரைக் கேட்டே பயப்படாமல், நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இதை ஆராய்ந்து எந்த நோய்க்கு, எத்தனை சொட்டு என்று சொல்ல வேண்டும். அதுவரை தெருவில் யாரும் அளவு சொல்லக்கூடாது.

இன்னொன்று. வலிப்பு வந்த நாயின் வாய்க்குள் பாலும் ஊற்றாதீர்கள், கையும் வைக்காதீர்கள். அது வெறிநோயாகக்கூட இருக்கலாம். கடித்தாலோ எச்சில் புண்ணில் பட்டாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். அடுத்த முறை கால்நடை முகாம் போடும்போது ஆட்டையும் மாட்டையும் மட்டும் ஓட்டிப் போகாமல், நாயையும் கயிறு கட்டிக் கூட்டிப் போங்கள். அந்த எண்ணெயைப் பற்றியும் டாக்டரிடமே கேளுங்கள்.

— 9ஆம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு