விளைவது சாமை... குழந்தையின் கிண்ணத்தில் ரேஷன் அரிசி!

ஜவ்வாதுமலை என்றாலே சாமைதான். மழையை நம்பி ஆடி வாக்கில் விதைத்து, பனிக்காலத்துக்குள் அறுத்துவிடுவார்கள். ஆனால், விளைந்த சாமையில் கணிசமான பங்கு மூட்டையாகவே வியாபாரி கைக்குப் போய்விடுகிறது. வீட்டு உலையில் கொதிப்பது ரேஷன் அரிசி.

'நாகரிகம் மாறிப்போச்சு' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நிஜக் காரணம், உமி! சாமை பொடி தானியம். உரலில் குத்தி, புடைத்து, மறுபடியும் குத்த வேண்டும். இத்தனையும் பெண்கள் தலையில்தான் விடியும். ரேஷன் அரிசியோ 2011 ஜூனிலிருந்து இலவசம். காட்டு வேலை முடித்து வரும் அம்மா எதை உலையில் போடுவார்? ஊருக்குள் ஒரு தோல் நீக்கும் இயந்திரம் வந்தால், அது குழந்தைகளுக்கும் நல்ல சேதிதான்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, 100 கிராம் சாமையில் புரதம் சுமார் 10 கிராம், நார்ச்சத்து 7 கிராமுக்கும் மேல். தீட்டிய அரிசியில் புரதம் 8 கிராம், நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. கடையில் வெள்ளை வெளேரென்று இருக்கும் சாமையை வாங்காதீர்கள். தீட்டத் தீட்ட சத்தும் தவிட்டோடு போய்விடும்.

அதற்காக சாமை மட்டும் போதுமா? போதாது. ஒரு வயதுக் குழந்தையின் வயிறு சின்னது. சாப்பிடும் கொஞ்சத்திலேயே பருப்பு, எண்ணெய், கீரை, முட்டை எல்லாம் இருக்க வேண்டும். சாமைக்கு நடுவே ஊடுபயிராகப் போடும் துவரையும் மொச்சையும் அந்தக் கிண்ணத்துக்கானவை. வேலை மிச்சமென்று அந்த வரிசைகளை விட்டுவிட்டால், பருப்பைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கொல்லிமலையில் இன்னும் பெரிய மாற்றம். அங்கே சேகோ ஆலைகளுக்கான மரவள்ளி, சிறுதானிய நிலங்களையே பிடித்துக்கொண்டது.

விற்பது தப்பில்லை. மருத்துவச் செலவுக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் காசு வேண்டாமா? மூட்டை கட்டும்முன் வீட்டுக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்தார்களா என்பதுதான் விஷயம். கோழி முட்டைக்கும் இதே கணக்குதான்.

இது மலைக்கு மட்டுமான கவலையும் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை.

உங்கள் வீட்டுக் குட்டிக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டதா? மூன்று பங்கு சாமை, ஒரு பங்கு பாசிப்பருப்பு. தனித்தனியாக வறுத்து, மாவாக அரைத்து, குழைய வேகவிட்டு, அரை ஸ்பூன் நெய் விடுங்கள். பழகிய பிறகு, வேகவைத்து மசித்த முருங்கைக்கீரையும் சேர்க்கலாம்.