அரிதட்டும் அப்பிள் பட்டையும்

சனிக்கிழமை ரூ பெர்தொனேயில் மரக்கறி வாங்கப் போன இடத்தில் இந்தக் கதை எமது காதில் விழுந்தது.

"தம்பி, இது சலத்தோடை சீனியை வெளியாலை தள்ளுற குளிசை. கிட்னிக்கும் நல்லதாம். பத்துத் தாறன், போட்டுப் பார்."

"தாங்கோ அண்ணை. எனக்கும் கொஞ்சம் சீனி இருக்குத்தானே."

அண்ணை சொன்னதில் பிழையில்லை. கொடுத்ததுதான் பிழை. ஏனென்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

எமது சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. சலமாகப் போவது ஒன்றரை, இரண்டு லீற்றர்தான். மிகுதி இரத்தத்துக்கே திரும்புகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் பத்து இலட்சம் வரையான வடிகள் உண்டு. வடியின் இரத்தக் குழாய்களைச் சுற்றி, விரல்களைக் கோர்த்தபடி நிற்பவை பொடோசைற் என்னும் கலங்கள். அந்த விரலிடுக்குகள்தான் அரிதட்டின் கண்கள். நீர் போகும், அல்புமின் என்ற புரதம் போகாது.

அந்த இடுக்கில் இருப்பது என்ன? பின்லாந்துக் குழந்தைகளின் பரம்பரை நோயொன்றை ஆராய்ந்தவர்கள் 1998இல் நெஃப்ரின் என்ற புரதத்தைக் கண்டார்கள். 2000இல் இதே பாரிசில், நெக்கர் வைத்தியசாலையில், கொரின் அந்தின்யாக் அவர்களின் குழு அதற்குத் துணைநிற்கும் பொடோசின் என்ற புரதத்தைக் கண்டுபிடித்தது. லா சப்பலில் இருந்து மெத்ரோவில் போய்வரக்கூடிய தூரந்தான்.

சலரோகத்தில் இந்த வடிக்குள் அழுத்தம் கூடுகிறது. பொடோசைற் கலங்கள் விரல்களைச் சுருக்கி, பின் உதிர்ந்துபோகின்றன. உதிர்ந்த இடத்தில் புதியது வருவது அரிது. அல்புமின் ஒழுகத் தொடங்கும். நோவு ஒன்றும் இராது.

இனிக் குளிசைக்கு வருவோம். வடியும் நீரோடு சீனியும் போகிறது. அதிற் பெரும்பங்கை, உப்போடு சேர்த்து, எஸ்.ஜீ.எல்.ரீ.2 என்ற காவிப் புரதம் திரும்ப உள்ளே இழுத்துவிடும். 1835இல் அப்பிள் மரப் பட்டையிலிருந்து புளோரிசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது சலத்தில் சீனியை வரச் செய்வதை 1886இல் வொன் மெரிங் காட்டினார். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் முதலிய இன்றைய குளிசைகள் அதன் வழிவந்தவை. இழுக்கும் வாயிலை அடைத்தால் உப்பு குழாயின் கீழ்ப்பகுதிவரை போகும். அங்குள்ள கலங்கள் அதை உணர்ந்து, வடிக்கு வரும் இரத்தக் குழாயைச் சற்றுச் சுருக்கும். அழுத்தம் இறங்கும். அரிதட்டுக்கு ஆறுதல். 4,304 நோயாளர்களிடம் டாபாகிளிஃப்ளோசினைச் சோதித்து 2020இல் வெளியான ஆய்வில், சிறுநீரகம் பழுதாவது குறைந்தது தெளிவாகத் தெரிந்தது.

அப்படியானால் தம்பிக்குக் கொடுத்தால் என்ன? இன்சுலின் குறைந்த உடம்பில் இக்குளிசை இரத்தத்தை அமிலமாக்கிவிடலாம். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடப்பவருக்கும், வாந்தி, வயிற்றோட்டம் உள்ளவருக்கும் அந்த ஆபத்து அதிகம். சத்திரசிகிச்சைக்கு முன்னும் நிறுத்தவேண்டும். இதையெல்லாம் வைத்தியர் கேட்டறிவார். மரக்கறிக் கடையில் யார் கேட்பது?

தம்பிக்கு முதலில் தேவை இரண்டு பரிசோதனைகள்: சலத்தில் அல்புமின், இரத்தத்தில் கிரியாற்றினின். சலரோகம் உள்ளவர்கள் வருடம் ஒருமுறையாவது செய்யவேண்டியவை. வைத்தியரிடம் மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்கள் "அல்புமினூரி" என்ற சொல்லைத் துண்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிரெஞ்சிலும் அதே சொல்தான்.