‘கவனமா நடந்திருக்கணும்’னு சொல்றவங்களுக்கு!

ஐப்பசியில் மழை, மார்கழியில் பனி. விடியற்காலை நாலு மணிக்கு ஸ்ரீபெரும்புதூர், செங்குன்றம் பக்கத்து குடோன்களுக்குப் போய், லாரிக்கும் மேடைக்கும் நடுவில் போட்டிருக்கும் இரும்புத் தகட்டைத் தொட்டுப் பாருங்க. நனைஞ்சு கிடக்கும். அதன் மேல நடக்கிறவருக்குத் தலையில் 50 கிலோ மூட்டை, காலில் ஹவாய் செருப்பு. வழுக்கினா நாலடிப் பள்ளம்.

இடுப்பு உடைஞ்சவர்கிட்ட சூப்பர்வைசர் கேட்கிறது: "பார்த்து நடக்கக் கூடாதா?"

உராய்வு பள்ளிக்கூடப் பாடம் சார், அதுக்கு இன்ஜினியரிங் படிக்க வேண்டாம். சொரசொரப்பான தகடு, மேடைக்கு மேல் நீட்டின கூரை, பிடிப்புள்ள ஷூ. இவ்வளவுதான்.

கேட்டா, "அவர் எங்க ஆள் இல்ல, கான்ட்ராக்ட் ஆள்"! ஒப்பந்ததாரரின் ஆளுக்கு அடிபட்டாலும் வேலை வாங்கிய முதலாளிதான் இழப்பீட்டுக்குப் பொறுப்புன்னு 1923-லேயே, வெள்ளைக்காரன் காலத்துலயே சட்டம் வந்தாச்சு. ஒன்றிய அரசு 2020-ல் என்ன செஞ்சுது? 20 பேர் இருந்தாலே ஒப்பந்ததாரருக்கு லைசென்ஸ் வேணும்னு இருந்ததை 50 ஆக்கிச்சு. 49 பேரை வச்சு மூட்டை தூக்க வைக்கிறவருக்கு லைசென்ஸே தேவையில்ல. இதுக்குப் பேரு சீர்திருத்தமாம்!

தோழர்களே, உங்க பகுதியில யாராவது இப்படி விழுந்திருந்தா, ஆஸ்பத்திரி சீட்டையும் கூலி வாங்கின ஆதாரத்தையும் பத்திரமா வைக்கச் சொல்லுங்க. தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்துக்கு நாம கூடப் போவோம்.